ஈஸ்ட் செல்லின் அலைவுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க உயிரியற்பியல் ஆய்வாளர் பிரிட்டன் சான்ஸ் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். நான் உயிர்வேதியியல் ஆய்வு மாணவி. பட்டினி போட்ட ஈஸ்ட் செல்களுக்குக் குளுக்கோஸ் கொடுத்து, சர்க்கரை உடையும்போது எலக்ட்ரான்களை ஏந்திக்கொள்ளும் என்ஏடிஎச் என்ற மூலக்கூறின் அளவைப் பதிவு செய்கிறேன். கோடு சீராகப் போகாமல் ஏறி ஏறி இறங்குகிறது. "கருவி ஆடுகிறது, சராசரி எடுத்துக்கொள்" என்கிறார் என் வழிகாட்டி. இப்படி ஒரு ஆட்டத்தின் பின்னால் அவ்வளவு பெரிய ஆய்வாளர் ஏன் அலைந்தார்? இதனால் செல்லுக்கு என்ன லாபம்?

கே.

அன்புள்ள கே,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஈஸ்ட்டுக்கு இதனால் ஒரு லாபமும் இல்லாமலேகூட இருக்கலாம். ஆனால் செல் தன்னை எப்படிக் கட்டுப்படுத்திக்கொள்கிறது என்று தெரிந்துகொள்ள நினைப்பவருக்கு அந்த ஆட்டம் பெரிய லாபம். சான்ஸுக்கு அது உடனே புரிந்ததற்கு அவர் வந்த வழியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இளவயதிலேயே கப்பலைத் தானாகத் திசை பிடித்து ஓட்டும் கருவி ஒன்றை வடிவமைத்தவர் அவர். இரண்டாம் உலகப்போரின்போது எம்ஐடி-யின் கதிர்வீச்சு ஆய்வகத்தில் ரேடார் மின்சுற்றுகளில் வேலை பார்த்தார். 1949 முதல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜான்சன் ஆய்வு நிறுவனத்தை நடத்தினார். (நடுவில் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பாய்மரப் படகில் தங்கம் வேறு வாங்கினார். சிலருக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரமோ!) திசைமாற்றும் கருவி கொஞ்சம் தாமதமாகத் திருத்தினால் கப்பல் வலமும் இடமுமாக ஆடிக்கொண்டே போகும். இதை அறிந்தவர் செல்லில் ஓர் ஆட்டத்தைப் பார்த்தால் கருவியைத் தட்டிப் பார்ப்பதோடு நிறுத்தமாட்டார். உள்ளே எந்த இடத்தில் திருத்தம் நடக்கிறது என்று தேடுவார்.

முதலில் பார்த்தவர் அவரும் இல்லை. 1957-இல் டைசன்ஸ், அமெஸ் என்ற இருவர் ஈஸ்ட்டின் ஒளிர்வில் இந்த ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்துவிட்டார்கள். 1964-இல் சான்ஸின் குழு அதை விடாமல் பிடித்துக்கொண்டது. என்ஏடிஎச் 340 நானோமீட்டர் அருகே புறஊதா ஒளியை உறிஞ்சி நீலமாக ஒளிரும், எலக்ட்ரான் ஏந்தாத அதன் வடிவமான என்ஏடி ஒளிராது. அதனால் செல்லை உடைக்காமலே உள்ளே நடப்பதை நொடிக்கு நொடி பார்க்கலாம். முழு செல்லில் ஓர் அலைவு ஏறக்குறைய அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை. செல்லை உடைத்தெடுத்த சாற்றில் அதே அலைவு சில நிமிடங்களுக்கு நீளும். 1966-இல் பையும் சான்ஸும் அந்தச் சாற்றில் அலைவு அடங்காமல் தொடர்வதைக் காட்டினார்கள். செல்லே இல்லாமல் ஆட்டம்!

சரி, திருத்தம் எங்கே நடக்கிறது? பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் என்ற நொதியில். செல் சர்க்கரையைப் படிப்படியாக உடைக்கும் கிளைகாலிசிஸில், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி-யைச் சம்பாதிப்பதற்கு முன் ஏடிபி செலவழிக்க வேண்டும். செலவு செய்யும் இடங்களில் ஒன்று இந்த நொதி. ஏடிபி மிகுந்தால் இது அடங்கும். ஏடிபி குறைந்து, அது செலவாவதால் உண்டாகும் ஏஎம்பி கூடினால் வேகம் பிடிக்கும். வேகம் பிடித்ததன் பலனாகக் கீழ்ப்படிகளில் ஏடிபி சேரும், அது திரும்ப வந்து நொதியை அடக்கும். குளியலறையில் வெந்நீர் வருவதற்குள் குழாயை மேலும் திறந்து, பிறகு சூடு தாங்காமல் அவசரமாக மூடுவோமே, அதே கதைதான்.

இதை நிரூபித்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த நொதிக்கு மேல்படியில் உள்ள ஃப்ரக்டோஸ்-6-பாஸ்பேட்டைச் சாற்றுக்குக் கொடுத்தால் அலைவு வருகிறது. நொதியைத் தாண்டி ஃப்ரக்டோஸ்-1,6-பிஸ்பாஸ்பேட்டைக் கொடுத்தால் அலைவு இல்லை. டார்ட்முண்டில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இருந்த பென்னோ ஹெஸ்ஸும் பாய்ட்டோவும் சர்க்கரையைச் சீரான வேகத்தில் சாற்றுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். மிக மெதுவாகக் கொடுத்தால் கோடு நேர், மிக வேகமாகக் கொடுத்தாலும் நேர், இடைப்பட்ட வேகத்தில் மட்டும் ஆட்டம். கோளாறான கருவிக்கு இவ்வளவு ஒழுங்கு வராது.

இன்னொன்றும் உண்டு. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்படி எதிரெதிராக ஆடும் இரண்டு ஈஸ்ட் தொகுதிகளைக் கலந்தால், அலைவு முதலில் மறைந்து, சற்று நேரத்தில் எல்லாச் செல்களும் சேர்ந்து ஒரே தாளத்தில் ஆடத் தொடங்கும். செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்வது, சர்க்கரை நொதிக்கும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற சிறு மூலக்கூறு வழியாக என்று 1990-களில் தெரிந்தது. அந்தச் சோதனைகளில் சயனைடு சேர்ப்பது சுவாசத்தை நிறுத்துவதற்கு மட்டும் இல்லை. மிஞ்சும் அசிட்டால்டிஹைடையும் அது பிடித்துக்கொள்கிறது.

இனி லாபக் கணக்கு. 2011-இல் சந்திரா, புஸி, டாயில் மூவரும் சயின்ஸ் இதழில் எழுதிய வாதம் எனக்கு ஏற்புடையது: குறைந்த செலவில் இயங்கவும் வேண்டும், தடுமாற்றங்களைத் தாங்கவும் வேண்டும் என்றால் இப்படி ஆடும் நிலைக்கு அருகில்தான் அமைப்பு நிற்கும். அதாவது அலைவு நோக்கம் ஏதுமற்ற பக்கவிளைவு. கணையத்தில் இன்சுலின் சில நிமிடங்களுக்கு ஒருமுறை துடிப்பாகச் சுரப்பதில் கிளைகாலிசிஸ் அலைவுக்குப் பங்கு உண்டா என்ற விவாதம் வேறு, அது இன்னும் ஓயவில்லை.

உங்கள் கோட்டுக்கு வருவோம். உங்கள் வழிகாட்டியின் சந்தேகம் நியாயமானது, அவருடைய தீர்வுதான் சரியில்லை. திரவத்தை ஊற்றி அளக்கும் சிறு குப்பியான குவெட்டில் செல்கள் படிந்தாலும், கலக்கி சீராகச் சுற்றாவிட்டாலும் ஒளி சிதறிக் கோடு ஆடும். அதனால் என்ஏடிஎச் கிட்டத்தட்ட உறிஞ்சாத இன்னொரு அலைநீளத்தையும் கூடவே அளந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். கலங்கிய செல் திரவத்தில் அளப்பதற்காகச் சான்ஸ் உருவாக்கிய இரட்டை அலைநீள முறை இதுதான். கழித்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லை என்றால், எத்தனை நொடிக்கு ஒரு புள்ளி எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். நிமிடத்துக்கு ஒன்று என்றால் அலைவு உங்கள் கண்ணுக்கே தெரியாது, தெரிந்தாலும் பொய்யான உருவத்தில் தெரியும். இரண்டு மூன்று நொடிக்கு ஒன்றாவது எடுங்கள். அப்புறம் குளுக்கோஸ் அளவை மாற்றி அலைவின் நேரம் மாறுகிறதா என்று பார்த்துவிட்டு, சராசரி எடுக்காத வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய் வழிகாட்டியிடம் உட்காருங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்பினால் மகிழ்ச்சி.