சிங்கப்பூரில் முதல் மிரர்லெஸ் கேமரா வாங்கப் போகிறேன். 2,000 வெள்ளிக்குள் சோனியா, கேனானா? எந்த லென்ஸ்?

வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை, தைப்பூசம், தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் இரவுப் படங்கள் என்று எடுக்கப்போவதையும் கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். அதனால் பதில் சொல்வது எளிது. மூன்றிலும் வெளிச்சம் குறைவு, எதிரே இருப்பவர் சும்மா நிற்க மாட்டார். சோனியா கேனானா என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், லென்ஸிலிருந்து தொடங்கலாம்.

கடையில் பாடியோடு, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவோடு, சேர்த்துத் தரும் கிட் லென்ஸின் முகப்பில் பெரும்பாலும் 3.5-5.6 என்று போட்டிருக்கும். ஜூம் செய்து முகத்தை நெருங்க நெருங்க அதன் துவாரம் எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சிறிதாகும்). எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து விடிவதற்கு முன் காவடி கிளம்பும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிட் லென்ஸில் 1/20 விநாடி ஷட்டர் வேகம் காட்டும் கேமரா, அதே ஐஎஸ்ஓவில் (சென்சாரின் ஒளி உணர்திறன்) எஃப் 1.8 லென்ஸ் போட்டால் 1/200 காட்டும். 1/20இல் காவடி எடுப்பவரின் முகம் இழுத்துக்கொண்டு போய்விடும். 1/200இல் நெற்றித் திருநீறு வரை தெளிவாக விழும். ஸ்டெபிலைசேஷன் உள்ள பாடி வாங்கினால் போதும் என்று கடையில் சொல்வார்கள். அது அடக்குவது உங்கள் கை நடுக்கத்தைத்தான், ஓடுகிற குழந்தையை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே 30 அல்லது 35 மிமீ, எஃப் 1.4 அல்லது 1.8. ஜூம் இல்லாத இந்த ஒரு லென்ஸ்தான் உங்கள் முதல் லென்ஸ் என்பது என் உறுதியான கருத்து. "முதலில் 50 வாங்கு" என்று பலர் சொல்வார்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு அது நல்ல யோசனை. உங்கள் பட்ஜெட்டில் வருவது ஏபிஎஸ்-சி, அதாவது ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார். அதில் பார்வைக் கோணம் 1.5 மடங்கு குறுகும், கேனானில் 1.6 மடங்கு. 50 மிமீ லென்ஸ் 75, 80 போலப் பார்க்கும். வீவக அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றாலும் குழந்தையும் பாட்டியும் ஒரே படத்தில் அடங்க மாட்டார்கள். தைப்பூசக் கூட்டத்திலும் அதே கதைதான், பின்னால் நகர இடமே இருக்காது.

இப்போது பாடி. எந்த மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்) எடுக்கிறீர்களோ, அடுத்து வாங்கும் லென்ஸ்கள் எல்லாம் அதைத்தான் பின்தொடரும். சோனி இ மவுண்ட் 2010இலேயே வந்துவிட்டது. கேனான் ஆர்எஃப் 2018இல்தான் வந்தது, அதன் ஏபிஎஸ்-சி பாடிகளுக்கு வேறு நிறுவனமான சிக்மாவின் லென்ஸ் வரத் தொடங்கியது 2024இல். அதனால் பழைய லென்ஸ் சந்தையில் சோனிக்குத்தான் வகை அதிகம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் நல்ல நிலையில் உள்ள சோனி ஏ6400 பாடியும் சிக்மா 30 எஃப் 1.4ம் எடுப்பேன். 2019இல் வந்த பாடிதான், ஆனாலும் ஓடுகிற குழந்தையின் கண்ணை இன்றும் விடாமல் பிடிக்கும். கேனான் ஆர்50 கையில் நன்றாக உட்காருகிறதென்றால் அதையே எடுங்கள், அந்த சிக்மா இப்போது ஆர்எஃப்பிலும் கிடைக்கிறது. ஃபியூஜி, நிக்கான் எதுவும் மோசமில்லை.

2,000இல் நூற்றைம்பது வெள்ளியை டிரை கேபினட்டுக்கு (உள்ளே ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் பெட்டி) ஒதுக்குங்கள். அப்புறம் பார்க்கலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அலமாரியில் சும்மா கிடக்கும் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். முற்றினால் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது. கேபினட்டின் ஈரப்பத முள்ளை 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் வையுங்கள். ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தாலும் கண்ணாடி வியர்த்துவிடும். வெளியே போனதும் பையைத் திறக்காமல் கால் மணி நேரம் விட்டுவிட்டு எடுங்கள், அதுவரை லென்ஸை மாற்றவும் வேண்டாம்.

தேக்கா தீபாவளி விளக்குகளுக்கு ஒரு விஷயம். சைலண்ட் ஷட்டரில் எடுத்தால் எல்இடி வெளிச்சத்தில் படம் முழுக்கக் கறுப்புப் பட்டை விழக்கூடும். அதை அணைத்துவிட்டு ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்துப் பாருங்கள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

வாங்குவதற்கு சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கம் பெனின்சுலா பிளாசாவும் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரும் போங்கள். புதிய சாமான், பழைய சாமான் இரண்டும் கிடைக்கும். விலை கேட்கும்போதே லோக்கல் செட்டா (இங்கே விற்க வந்ததா), எக்ஸ்போர்ட் செட்டா (வேறு நாட்டுச் சந்தைக்கானதா), 9% ஜிஎஸ்டி சேர்த்தா என்று கேட்டுவிடுங்கள். எக்ஸ்போர்ட் செட் மலிவாக இருக்கும், ஆனால் இங்குள்ள நிறுவன வாரண்டி அதற்குப் பொதுவாகக் கிடைக்காது. பழைய லென்ஸ் என்றால் கடையிலோ, கரோசல் செயலியில் விற்பவரைச் சந்திக்கும் இடத்திலோ, இரண்டு மூடியையும் கழற்றுங்கள். துவாரத்தை முழுசாகத் திறந்து, ஒரு பக்கத்திலிருந்து ஃபோன் டார்ச்சை அடித்து மறுபக்கம் சாய்த்துப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசி படத்தில் தெரியாது. ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சிலந்தி நூல் மாதிரி இழை ஓடினால் அது பூஞ்சை. பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.

சுங்கை பூலோ சதுப்பு நிலப் பறவைகளையும் கேட்டிருந்தீர்கள். அதற்கு 400 மிமீயாவது வேண்டும், இந்த பட்ஜெட்டுக்குள் அடங்காது. அங்கே புலம்பெயர் பறவைகள் செப்டம்பர் முதல் மார்ச் வரை ஒவ்வோர் ஆண்டும் வரும். அந்த லென்ஸுக்குத் தனியாகச் சேர்த்து வையுங்கள்.