சபையில் மணமாகாத பெண்கள் பலர், ஆண்கள் சிலர்: விசுவாசியான கணவனுக்காகக் காத்திருப்பது வீணா?

சபையில் மணமாகாத ஆண்களே குறைவு, விசுவாசியான கணவனுக்காகக் காத்திருப்பது வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு வயது 41. மணமாகவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபையின் ஜெபக் கூடுகை ஒன்றில், ஜெபம் நீண்டுகொண்டே போனபோது கண்ணைத் திறந்து தலைகளை எண்ணினேன் (பக்திக் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன்). மணமாகாத பெண்கள் 19 பேர், ஆண்கள் 5 பேர். அந்த ஐவரிலும் இருவருக்கு நிச்சயமாகியிருந்தது. ஒருவனுக்கு மீசையே அப்போதுதான் அரும்பியிருந்தது. கோளாறு என்னிடம்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்று வீடு திரும்பி நன்றாகத் தூங்கினேன்.

உங்கள் சபையில் மட்டும் இப்படி இல்லை. 2016இல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் பல நாடுகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், வாரந்தோறும் ஆராதனைக்குப் போகிறவர்கள் கிறிஸ்தவப் பெண்களில் 53 விழுக்காடு, ஆண்களில் 46. பெண்களையும் சிறுவர்களையும் அடிமைகளையும்தான் கிறிஸ்தவர்களால் இழுக்க முடிகிறது என்று, கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய தத்துவவாதி செல்சஸ் இரண்டாம் நூற்றாண்டிலேயே ஏளனம் செய்தான். பிலிப்பி பட்டணத்து ஆற்றங்கரையில் அப்போஸ்தலன் பவுல் உட்கார்ந்து பேசியதும் கூடிவந்திருந்த பெண்களிடம்தானே!

ஆனால் சபையில் கிடைக்கும் ஆறுதல்தான் எனக்கு ஆகாது. வேதத்தில் விதவை ரூத்தை மணந்த போவாசைச் சொல்லி, "உன் போவாசுக்காகக் காத்திரு" என்பார்கள். ரூத் எங்கே காத்திருந்தாள்? மாமியார் சொன்னபடி குளித்து, எண்ணெய் பூசி, உடுத்திக்கொண்டு, போவாஸ் படுத்திருந்த களத்துக்கு இரவில் போனாள். "உம்முடைய போர்வையை விரியும்" என்று, அதாவது என்னை மணந்துகொள்ளும் என்று, அவளேதான் கேட்டாள். இதையே இன்று ஒரு பெண் செய்தால் போதகர் வீட்டிலிருந்து அழைப்பு வரும்.

இனி உங்கள் கேள்வி. விதவை மறுமணம் செய்துகொள்ளலாம், ஆனால் மணக்கிறவன் கர்த்தருக்குட்பட்டவனாக, அதாவது விசுவாசியாக இருக்கவேண்டும் என்று பவுல் 1 கொரிந்தியர் 7இல் எழுதுகிறார். அதை நான் சுலபமாகத் தள்ளிவிட மாட்டேன். அவிசுவாசிகளோடு பிணைக்கப்படாதிருங்கள் என்று எல்லோரும் எடுத்து நீட்டும் "அந்நிய நுகம்" வசனமோ திருமணத்தை மட்டும் குறித்துச் சொல்லப்பட்டதல்ல. பவுலின் உடன் ஊழியனான தீமோத்தேயுவின் தாய் விசுவாசி, தகப்பன் கிரேக்கன் என்பதும் வேதத்தில்தான் இருக்கிறது.

34 வயதில் ஒரு நல்ல மனிதர் என்னை மணக்கக் கேட்டார். விசுவாசம் இல்லாதவர். மறுத்துவிட்டேன். வசனத்துக்குப் பயந்து அல்ல. துக்கச் செய்தி வரும் இரவில் நான் முழங்காலிட, அவர் அடுத்த அறையில் மரியாதையோடு காத்திருப்பார் என்பதை நினைத்துப் பார்த்தேன். சில மாலைகளில் வருந்துகிறேன். என் தோழி அப்படிப்பட்ட ஒருவரையே மணந்து நன்றாக இருக்கிறாள். அவளை ஞாயிறு பள்ளி வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு விசுவாசியல்லாத பெண்ணை மணந்த இளைஞனுக்கோ, "அவளை ஆண்டவரிடம் கொண்டுவந்துவிடுவான்" என்று வாழ்த்து! பற்றாக்குறையான பண்டத்துக்குச் சபையிலும் தனி மவுசுதான்.

ஆகவே விசுவாசி என்ற நிபந்தனையை நான் விடவில்லை, மற்றவற்றை விட்டேன். நம் சபைக்காரன்தான் வேண்டும், நம்மைவிட மூத்தவனாக, முதல் திருமணமாக இருக்கவேண்டும் என்பதெல்லாம் எந்த நிருபத்திலும் இல்லை. வேறு சபைகளின் கூடுகைகளுக்கும் போகத் தொடங்கினேன். என்னைவிட ஆறு வயது இளையவர் ஒருவரோடு இப்போது பேசிக்கொண்டிருக்கிறேன். குழந்தை ஞானஸ்நானம் செல்லுமா என்பதில் எங்கள் வழக்கு நான்கு மாதமாக நடக்கிறது.