தறிக்கு வேண்டாம், பாவு டிரம்முக்குப் பூட்டுங்கள்

கேள்வி: அச்சுவேலியில் நெசவுக் கொட்டகை வைத்திருக்கிறேன். நாடா (குறுக்கு நூலைக் கொண்டு இரு பக்கமும் பாயும் கட்டை) ஓடும் பழைய விசைத்தறிகள் நான்கும், பாவு (துணியின் நீளவாக்கு நூல்) ஓட்டும் டிரம் ஒன்றும் இருக்கின்றன. எல்லா மோட்டர்களுக்கும் வேகக் கட்டுப்பாட்டு இன்வேர்ட்டர் பூட்டினால் மின்கட்டணம் பாதியாகும் என்கிறார் ஒரு விற்பனையாளர். பூட்டலாமா?

பதில்: தறிகளுக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு பங்கைப் பாவு டிரம்முக்குச் செலவழியுங்கள். கடையில் வெறுமனே இன்வேர்ட்டர் என்று கேட்டால் சோலார் பெட்டியை எடுத்து வைப்பார்கள்; மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிக்கு 'வி.எஃப்.டி.' என்று கேளுங்கள்.

பாதியாகும் கதை மின்விசிறிக்கும் நீர்ப்பம்பிக்கும் உரியது. அவற்றின் வேகத்தை 80 சதவீதமாக்கினால் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறையப் பாதிக்கு இறங்கும். தறியில் மின்சாரம் குறைந்தால் துணியும் கூடவே குறையும். ஒரு மீற்றர் துணிக்கு ஆகும் செலவு பெரிதாக மாறாது.

அதைவிடப் பெரிய சிக்கல் நாடா. அதைத் தள்ளும் அடியின் வலிமை தறியின் வேகத்திலிருந்தே வருகிறது. வேகத்தைக் குறைத்தால் நாடா மறுபக்கப் பெட்டிக்கு நேரத்துக்குப் போய்ச் சேராது. தறி 'டமார்' என்று அடித்து நிற்கும். அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியாததல்ல. கிளட்ச் இல்லாத தறியில் முதல் அடியே முழு வலுவோடு விழ வேண்டும். வி.எஃப்.டி.யோ மோட்டரை மெல்ல மெல்லத்தான் எழுப்பும். தறிக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டுமென்றால், பாவு இழை அறுந்ததும் கீழே விழுந்து தறியை நிறுத்தும் தகடுகளைக் குறைந்த மின்னழுத்தத்தில் வேலை செய்யும்படி பூட்டுங்கள். துணியில் விழும் பழுது குறையும்.

டிரம்மிலிருந்து பாவை உருளையில் சுற்றும் இடத்தில்தான் வி.எஃப்.டி. தன் விலைக்கு வேலை செய்யும். வெற்று உருளையின் விட்டம் 15 செ.மீ. என்று வையுங்கள். நிறையும்போது அது 45 செ.மீ. ஆகிவிட்டால், அதே சுழற்சியில் நூல் மூன்று மடங்கு வேகமாக இழுபடும். இழை அறுவதும் பாவு ஒரே இறுக்கத்தில் அமையாததும் இதனால்தான். நூலின் மேல் உருளும் சிறு சக்கரத்தில் ஓர் உணரியைப் பொருத்தி நூலின் வேக அளவை வி.எஃப்.டி.க்குக் கொடுத்தால், விட்டம் கூடக்கூட அது சுழற்சியைக் குறைத்துக்கொண்டே வரும். பல வி.எஃப்.டி.களில் இதற்கான வசதி உள்ளேயே உண்டு. தனியாகக் கட்டுப்பாட்டுக் கணினி வாங்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். மெல்லத் தொடங்குவதும் இங்கே வரம்தான்.

ஆனால் வி.எஃப்.டி. மோட்டருக்குத் தரும் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸில் தொடங்கி 17 ஹெர்ட்ஸ் அளவில் முடியும்; வேகமும் அதே அளவில் இறங்கும். அந்த நேரத்தில்தான் உருளை மிகக் கனமாக இருக்கும். அதே இழுவிசைக்கு மூன்று மடங்கு முறுக்கு (சுழற்றும் வலு) வேண்டும். மோட்டரின் சொந்த விசிறியும் அப்போது மெதுவாகச் சுழலும், மோட்டர் சூடேறும். ஆகவே நிறைந்த உருளையை வைத்தே மோட்டரின் வலுவைக் கணக்கிடுங்கள், தனி விசிறியும் வையுங்கள்.

கொட்டகையில் ஒற்றைக் கட்ட (சிங்கிள் பேஸ்) இணைப்பு மட்டும் இருந்தால், 230 வோல்ட் வி.எஃப்.டி. மூன்று கட்டமாக 230 வோல்ட்தான் தரும். மோட்டர் சுருள்களை இணைக்க டெல்டா, ஸ்டார் என இரண்டு முறைகள் உண்டு; மோட்டர் தகட்டில் 230/400 என்று இருந்தால் டெல்டாவாக இணைக்க வேண்டும். ஸ்டாரில் விட்டால் முறுக்கு மூன்றில் ஒன்றாகிவிடும். பிறகு இயந்திரம் பழசு என்று பழி அதன்மேல் விழும். தகட்டில் 400/690 என்றிருந்தால் அந்த மோட்டர் இதற்கு ஆகாது.

வி.எஃப்.டி. பூட்டியதும் மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுவதுண்டு. அதற்காக எர்த் வயரைக் கழற்றும் வேலையை எவர் செய்ய வந்தாலும் விடாதீர்கள். தனி இணைப்பும் அதற்கேற்ற வகைச் சுவிட்சும் போடச் சொல்லுங்கள். வி.எஃப்.டி. பெட்டியை மூடிய அலமாரிக்குள், பஞ்சுத்தூசு படாத சுவரில் வையுங்கள். திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தி, மூடியில் எழுதியிருக்கும் நிமிடங்கள் கழியும்வரை காத்திருங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் உடனே வடியாது.