இரண்டு விரலா, நான்கு விரலா? முன் பிரேக் பற்றி வாசகர் கேள்விகள்

கே: "முன் பிரேக்கைப் பிடிச்சா வண்டி தூக்கி அடிச்சிடும், காலால மட்டும் பிடி" என்று சொல்லித்தான் அப்பா எனக்கு வண்டி பழக்கினார். பல வருடமாக அப்படியே ஓட்டுகிறேன். இப்போது வாங்கியிருப்பது 150 சிசி வண்டி, முன்னால் டிஸ்க் பிரேக். பழக்கத்தை மாற்ற வேண்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

ப: கட்டாயம் மாற்ற வேண்டும். ஆனால் நாளைக் காலையே நெரிசலில் போய் மாற்றாதீர்கள்.

பிரேக் பிடித்த மாத்திரத்தில் வண்டியின் பாரமும் உங்கள் பாரமும் முன்னால் சாய்கின்றன. முன் ஃபோர்க் அமுங்குவது அதனால்தான். பாரம் ஏறிய முன் டயர் ரோட்டை இறுகப் பற்றும். பாரம் குறைந்த பின் டயரோ கொஞ்சம் அழுத்தினாலே பூட்டிக்கொண்டு இழுபடும். எனவே காலால் எவ்வளவு மிதித்தாலும் பின் பிரேக் ஓர் அளவுக்கு மேல் வேலை செய்யாது.

கணக்கில் பாருங்கள். 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் போகிறது. உலர்ந்த தார் ரோட்டில் இரண்டு பிரேக்கையும் முறையாகப் பிடித்தால், பிடித்த இடத்திலிருந்து சுமார் 24 மீட்டரில் நின்றுவிடலாம். பின் பிரேக் மட்டும் என்றால் 40 மீட்டர் ஆகும். அதாவது, இரண்டையும் பிடித்தவர் நின்றுவிட்ட இடத்தை நீங்கள் கடக்கும்போது உங்கள் வண்டி இன்னும் 35 கி.மீ.க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். குறுக்கே மாடு நின்றால் அந்த வேகத்தில்தான் மோதுவீர்கள்.

அப்பாவின் பயத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. முன் பிரேக்கில் விழுபவர்களில் பெரும்பாலோர் தூக்கி எறியப்பட்டு விழுவதில்லை. லிவரை வெடுக்கென்று இழுத்ததால் முன் சக்கரம் பூட்டி, வண்டி பக்கவாட்டில் வாரிவிட்டு விழுகிறார்கள். பாரம் முன்னால் வந்து சேர்வதற்குள் முழு பலத்தையும் கொடுத்தால் டயருக்குப் பிடிமானம் போதாது. பூட்டிய முன் சக்கரம் திசைக்குக் கட்டுப்படாது. எனவே பிடிப்பதை இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும். முதலில் லிவரை அதன் தொளதொளப்பு தீர்ந்து லேசாக இறுகும் இடம்வரை கொண்டுவாருங்கள். பேட் (டிஸ்க்கை இருபுறமும் இறுக்கும் பட்டை) டிஸ்க்கைத் தொட்டு, ஃபோர்க் அமுங்கத் தொடங்குவது கைக்குத் தெரியும். அதன் பிறகு, நிறுத்தாமல் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போங்கள். முதல் கட்டத்துக்கு அரை நொடி கூட ஆகாது, ஆனால் அதைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. வண்டி நிற்கப்போகும் கடைசி ஓரிரு மீட்டரில் கொஞ்சம் தளர்த்தினால் தலை முன்னால் குலுங்காது.

பழகுவதற்கு மண்ணும் சரளையும் இல்லாத காலி தார்த்தரை வேண்டும். ஹெல்மெட், ஷூ, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அங்கே பிரேக் பிடிக்கத் தொடங்குங்கள். முதலில் 20 கி.மீ. வேகம், கை பழகிய பிறகு 30, அப்புறம் 40. ஹேண்டில் நேராக இருக்க வேண்டும், பார்வை தூரத்தில் இருக்க வேண்டும், கிளட்ச்சைக் கடைசியில் பிடித்தால் போதும். முன் சக்கரம் கீச்சிட்டு இழுபட்டால் அந்தக் கணமே லிவரை விட்டுவிட்டு மறுபடி மெதுவாகப் பிடியுங்கள். பின் சக்கரம் பூட்டி வண்டியின் பின்பக்கம் கோணலாகப் போய்விட்டால் மட்டும் மிதியைச் சட்டென்று விடாதீர்கள். டயர் திடீரென்று பிடிமானம் பெற்று உங்களை எதிர்ப்பக்கம் உதறிவிடும். அப்படியே பிடித்து நிறுத்துங்கள்.

கே: என் கை சிறியது. நான்கு விரலாலும் பிடித்தால் ஆக்சிலேட்டர் கைக்குள் நிற்பதில்லை. இரண்டு விரலால் பிடித்தால் பலம் போதுமா என்று சந்தேகம். எது சரி?
– வாசகி, கோயம்புத்தூர்

ப: இதற்குப் பொதுவான ஒரே பதில் கிடையாது, வண்டியின் பிரேக்கைப் பொறுத்தது. முன்னால் டிரம் (சக்கரத்தின் நடுவில் உள்ள குடத்துக்குள் பிரேக் ஷூ விரிந்து பிடிக்கும் வகை) என்றால் கேபிளை இழுக்கிற பலம் முழுக்க உங்கள் கையிலிருந்துதான் வர வேண்டும், எனவே நான்கு விரலும் தேவை. நல்ல நிலையில் இருக்கிற டிஸ்க் பிரேக்குக்கு ஆள்காட்டி விரலும் நடு விரலும் போதும். மற்ற இரண்டும் கட்டை விரலும் பிடியில் இருக்கும், ஹேண்டில் உறுதியாக நிற்கும். புதிதாகப் பழகுபவர்களுக்கு நான்கு விரல் நல்லது, காரணம் பலம் மட்டும் அல்ல. நான்கையும் நீட்ட வேண்டுமென்றால் ஆக்சிலேட்டரை மூடித்தான் ஆக வேண்டும். ஆக்சிலேட்டர் பாதி திறந்திருக்க இரண்டு விரலால் அவசரமாக இழுப்பவருக்கு மணிக்கட்டு கீழே இறங்கி, பிரேக்கோடு ஆக்சிலேட்டரும் ஏறுவது சாதாரணமாக நடக்கும்.

இரண்டு விரல் பழக்கம் உங்கள் வண்டிக்கு ஒத்துவருமா என்று நிறுத்தி வைத்தே பார்க்கலாம். இரண்டு விரலால் முழு பலத்தோடு அழுத்துங்கள். லிவர் உள்ளே வந்து, பிடியில் இருக்கும் மோதிர விரலையும் சுண்டு விரலையும் நசுக்கினால் அது ஆபத்து. அவசரத்தில் உங்கள் விரல்களே பிரேக்கைத் தடுத்துவிடும். பிரேக் ஆயில் போகும் லைனில் ஏர் இருக்கிறதா, பேட் தேய்ந்துவிட்டதா, ரப்பர் ஹோஸ் பழையதாகி உப்புகிறதா என்று பார்த்துச் சரிசெய்யும்வரை நான்கு விரலால் பிடியுங்கள்.

உங்கள் கை சிறியது என்பதால் அதைவிட முக்கியமானது லிவர் நிற்கிற கோணம். வழக்கம்போல உட்கார்ந்து, விரல்களை நீட்டி லிவர் மேல் வையுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரே கோடாக இருக்க வேண்டும். லிவர் தூக்கலாக இருந்தால் மணிக்கட்டு பின்னால் மடங்கி, அரை மணி நேரத்தில் வலிக்கும், அழுத்தமும் பாதியாகிவிடும். கடையிலிருந்து வருகிற வண்டி யாரோ ஒரு சராசரி உயரக்காரருக்கு வைத்தது. உங்களுக்காக அது திரும்பவில்லை. மாஸ்டர் சிலிண்டரை (லிவர் மாட்டியிருக்கும், பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் பாகம்) ஹேண்டிலோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் லேசாகத் தளர்த்தினால் அது திரும்பும். சரியான இடத்தில் வைத்து மேல் போல்ட்டை முதலிலும் கீழ் போல்ட்டைப் பிறகும் முறுக்குங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஹோஸ் இழுபடவில்லை, எதிலும் உரசவில்லை என்று பாருங்கள். சில வண்டிகளின் லிவரில் எண் போட்ட சிறு சக்கரம் இருக்கும். அதைத் திருகினால் லிவர் கைக்குக் கிட்டே வரும். அப்படி இல்லாத வண்டிக்குத் தரமான அட்ஜஸ்டபிள் லிவர் வாங்கிப் போடலாம். கிட்டே கொண்டுவந்த பிறகும் மேலே சொன்ன நசுக்கும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

டிரம் என்றால் லிவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை ஆட்டம் இருக்க வேண்டும். குறைந்தால் பிரேக் ஷூ உரசிக்கொண்டே இருக்கும், கூடினால் பிடிக்கத் தாமதமாகும். சக்கரத்துப் பக்கம் உள்ள நட்டில் சரிசெய்யலாம்.

கே: எப்போதும் இரண்டு விரலை முன் லிவர் மேலேயே வைத்து ஓட்டுகிறேன். அது கெட்ட பழக்கம் என்று மெக்கானிக் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், சென்னை

ப: நெரிசலில், பள்ளிக்கூட வாசலில், பஸ் நிற்கிற இடத்தில் விரலைத் தயாராக வைப்பது நல்ல பழக்கம். விரலைப் பிடியிலிருந்து எடுத்து நீட்டுகிற நேரத்தில் கால் நொடி மிச்சமானாலும், 60 கி.மீ. வேகத்தில் அது 4 மீட்டர்.

மெக்கானிக் சொல்வது வேறு. விரல் லிவரைத் தொடுவது ஒன்று, அதன் மேல் பாரம் போட்டு ஓய்வெடுப்பது இன்னொன்று. இரண்டாவது நடந்தால் பேட் விடாமல் உரசி, டிஸ்க் சூடேறி, பேட்டின் முகம் கண்ணாடி போல வழவழப்பாகிவிடும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. அதோடு, முன் லிவரை ஒரு சில மி.மீ. இழுத்தாலே பின் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பிக்கும். வழி முழுக்க அது எரிந்துகொண்டிருந்தால், நீங்கள் உண்மையில் நிறுத்தும்போது பின்னால் வருபவருக்குத் தெரியாது. சோதிப்பது சுலபம்: இரவில் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தி சாவியைப் போட்டு, நீங்கள் வழக்கமாக விரல் வைக்கிற மாதிரியே வையுங்கள். சுவரில் சிவப்பு வெளிச்சம் கூடினால் பழக்கத்தைத் திருத்த வேண்டும்.

காலியான நெடுஞ்சாலையில் விரல்களைப் பிடிக்கே திருப்பிக் கொடுங்கள். மணிக்கணக்கில் நீட்டி வைத்த விரல் மரத்துப்போகும்.

கே: ஆறு வருடம் ஸ்கூட்டி ஓட்டிவிட்டு இப்போது கியர் பைக் வாங்கியிருக்கிறேன். யாராவது குறுக்கே வந்தால் இடது கைதான் முதலில் இறுகுகிறது. இது போகுமா?
– வாசகர், மதுரை

ப: போகும். போகும்வரை வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள். ஸ்கூட்டரில் இடது லிவர் பின் பிரேக். 125 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு சிபிஎஸ் (இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு) கட்டாயமான 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த ஸ்கூட்டர்களில், பொதுவாக இடது லிவரை இழுத்தாலே முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும். எனவே வலது லிவரைத் தொடாமலே வருடக்கணக்கில் ஓட்டிவிட முடிகிறது. பைக்கில் அதே இடத்தில் இருப்பது கிளட்ச். அவசரத்தில் அதை மட்டும் இறுக்கினால் இன்ஜின் வண்டியைப் பிடித்து இழுக்கிற கொஞ்ச நஞ்ச உதவியும் போய், வண்டி சுதந்திரமாக உருளும்.

வலது கை முன் பிரேக், வலது கால் பின் பிரேக் என்ற இணைப்பைக் கைகாலுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டும். தினமும் கிளம்புவதற்கு முன், காலியான இடத்தில் 20 கி.மீ. வேகத்திலிருந்து பத்து முறை நிறுத்திப் பாருங்கள். வீட்டில் இன்னும் ஸ்கூட்டர் இருந்தால், அதிலும் இனி இரண்டு லிவரையும் சேர்த்தே பிடியுங்கள்.

கே: கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் முன் லிவர் பஞ்சு மாதிரி அமுங்கி, கைப்பிடிவரை வந்துவிட்டது. அரை மணி நேரம் நிறுத்திய பிறகு பழையபடி சரியாகிவிட்டது. என்ன கோளாறு?
– வாசகர், சேலம்

ப: பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. காற்றிலுள்ள ஈரத்தை பிரேக் ஆயில் மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 என்ற தர வகையைச் சேர்ந்த புது ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது என்பது அதற்கான தரம். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கிலேயே இறங்கினால் அந்தச் சூடு வந்துவிடும். கொதித்த ஆயிலில் ஆவிக்குமிழி உண்டாகும். ஆயிலை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம், அதனால்தான் லிவர் தொளதொளவென்று போனது. ஆறியதும் குமிழி அடங்கி, எல்லாம் சரியானதாகத் தோன்றும். சரியாகவில்லை, அடுத்த இறக்கத்தில் மறுபடி வரும்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்ற வேண்டும். ஆயில் தொட்டியின் மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என எது போட்டிருக்கிறதோ அதையே, சீல் உடைக்காத புது டப்பாவிலிருந்து ஊற்றுங்கள். கேலிப்பரில் (பேட்டைப் பிடித்திருக்கும் பாகம்) ஆயில் வெளியேற இருக்கும் நிப்பிளில் ஸ்பேனரை மாட்டி, அதன் மேல் உள்ளே தெரிகிற மாதிரியான பிளாஸ்டிக் ட்யூப்பைச் சொருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். லிவரை மூன்று நான்கு முறை அழுத்தி விட்டு, பிறகு பிடித்தபடியே நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, லிவர் கைப்பிடியைத் தொட்டதும் நிப்பிளை மூடி, அதன் பிறகுதான் லிவரை விட வேண்டும். வரிசை மாறினால் காற்று உள்ளே போகும். குமிழியில்லாத தெளிந்த ஆயில் வரும்வரை செய்யுங்கள். இடையில் மேல் தொட்டி காலியாகவே கூடாது. பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

மலையில் இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து விட்டுவிட்டால் டிஸ்க் ஆற நேரம் கிடைக்கும். லேசாகப் பிடித்தபடியே இறங்கினால் கிடைக்காது. லிவர் மறுபடி அமுங்கினால் வேகமாக மூன்று நான்கு முறை அழுத்தி விட்டுப் பாருங்கள், கொஞ்சம் இறுகி வரும், ஓரங்கட்ட அது போதும். சுட்ட டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துபோகும்.

கே: மெதுவாகத் திரும்பி வீட்டு கேட்டுக்குள் நுழையும்போது இரண்டு முறை விழுந்துவிட்டேன். வேகமே இல்லையே?
– வாசகி, தஞ்சாவூர்

ப: ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டிருப்பீர்கள். நடை வேகத்தில் திரும்பும்போது பின் பிரேக் மட்டும் போதும். முன் பிரேக்கை நேராக வந்து நிற்கும்போது பிடியுங்கள். மணல், சரளை, மழையில் நனைந்த சாக்கடை மூடி, ரோட்டில் அடித்த வெள்ளைப் பெயின்ட் ஆகியவற்றின் மேலும் இதே கவனம் வேண்டும்.

கே: ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் அழுத்திப் பிடித்தபோது லிவர் கையில் துடித்தது. பயந்து விட்டுவிட்டேன்.
– வாசகர், ஓசூர்

ப: விடக் கூடாது. சக்கரம் பூட்டப்போகும்போது ஏபிஎஸ் அழுத்தத்தை விட்டுவிட்டுப் பிடிப்பதுதான் அந்தத் துடிப்பு. நிற்கும்வரை அதே அழுத்தத்தில் வைத்திருங்கள். உங்களுடையது சிங்கிள் சேனல் என்றால் பாதுகாப்பு முன் சக்கரத்துக்கு மட்டும்தான், பின் சக்கரம் பூட்டும். சாதாரணமாக லேசாகப் பிடிக்கும்போதே லிவர் துடித்தால் அது ஏபிஎஸ் அல்ல, டிஸ்க் வளைந்திருக்கும்.

கே: வண்டி சாய்ந்ததில் முன் லிவர் வளைந்து, நுனிக் குண்டும் உடைந்துவிட்டது. தட்டி நேராக்கி ஓட்டலாமா?
– வாசகர், திருநெல்வேலி

ப: வேண்டாம். அலுமினிய வார்ப்பை நிமிர்த்தினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், பிறகு நீங்கள் பலமாக இழுக்கும் நாளில் உடையும். நுனிக் குண்டு இருப்பது விழும்போது லிவர் உடம்பில் குத்தாமல் இருக்கவும், விரல் வழுக்கிப்போகாமல் இருக்கவும்தான். புது லிவரே வாங்குங்கள். மாட்டும்போது பிவட் போல்ட்டில் (லிவர் சுழலும் போல்ட்) சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் மாஸ்டர் சிலிண்டர் ரப்பரைக் கெடுக்கும். நட்டை முறுக்கிய பிறகு லிவர் தானாகத் துள்ளித் திரும்புகிறதா, விட்டதும் பின் விளக்கு அணைகிறதா, முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.