கணுக்காலில் அந்தக் கறுப்பு எப்போது வந்தது?

நரம்பு சுருட்டலுக்காக உங்கள் காலை வெட்டி எடுக்க வேண்டி வராது. இரண்டு பக்கக் கடிதத்தில் கடைசி வரியில்தான் அதைக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். காலை எடுக்கும் நிலை பெரும்பாலும் சர்க்கரையாலும் பீடி, சிகரெட்டாலும் தமனி அடைபட்டுக் காலுக்கு ரத்தமே போகாதபோது வருவது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுக்கு ரத்தம் நன்றாகப் போகிறது, மேலே திரும்பத்தான் திணறுகிறது. நரம்பு சுருட்டல் என்று சொன்னாலும் சுருண்டிருப்பது நரம்பு இல்லை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் சிரை. அதிலுள்ள குட்டி வால்வுகள் சரியாக மூடாததால், ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கிற உங்கள் காலில் ரத்தம் கீழேயே தேங்குகிறது.

தொடையில் சிலந்தி வலை மாதிரி நீலக் கோடுகள், சாயங்காலம் கால் கனப்பது, செருப்பு வார் பதிந்த தடம், இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். இதனால் மாரடைப்பு வரும் என்று வீடியோவில் பார்த்ததையும் மறந்துவிடுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் இறுகி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அது வேறு விஷயம், ராத்திரியானாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. இதயத்துக்காக எந்த டாக்டரும் எழுதித் தராமல், நீங்களாகவே தினமும் போட்டுக்கொள்ளும் ஆஸ்பிரினை இன்றோடு நிறுத்துங்கள். வயிறு புண்ணாகும், புடைத்த சிரையில் அடிபட்டால் ரத்தம் லேசில் நிற்காது.

என்னை உறுத்துவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. உள்பக்கக் கணுக்காலுக்கு மேலே ஒரு ரூபாய் அளவுக்குக் கறுத்து அரிக்கிறது, படை என்று நினைத்து மெடிக்கலில் ஆயின்மென்ட் வாங்கி நாலு மாதமாகத் தடவுகிறீர்கள். பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் தேங்கிய ரத்தம் தோலுக்குள் கசிந்து அதன் இரும்புச் சத்து கறையாகப் படிவது அந்த இடத்தில்தான். இப்படிக் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற ஆயின்மென்ட் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், நாள்பட்டால் தோல் மெலியும், மெலிந்த தோலைச் சொறிந்தால் புண்ணாகும், அந்தப் புண் சுலபத்தில் ஆறாது. என்னிடம் வந்த ஒரு பரோட்டா மாஸ்டர் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப்போட்டபடி, உள்ளங்கை அகலப் புண்ணோடு ஒரு வருடம் கல்லுக்கு முன்னால் நின்றிருக்கிறார். அழுத்திக் கட்டும் கட்டு வாராவாரம் மாற்றி, ஆறுவதற்கு ஐந்து மாதமாயிற்று. அவருக்கும் முதலில் வெறும் அரிப்புதான். அம்மா, உங்களுக்கு இன்னும் புண் வரவில்லை, இந்த வாரமே போய்விடுங்கள்.

ரத்தநாள அறுவை நிபுணரிடம், ரத்தம் ஓடுவதைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள், நிற்கவைத்து எடுக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் எந்த வால்வு பழுது என்று தெரியும். தேவைப்பட்டால் லேசரில் அந்தச் சிரையை அடைத்துவிடுவார்கள், பெரும்பாலும் அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். இறுக்கமான காலுறையை நீங்களே வாங்கி மாட்டாதீர்கள், முதலில் பாதத்தில் நாடித்துடிப்பு பார்க்க வேண்டும், சர்க்கரை இருந்தால் கட்டாயம். அப்புறம் காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் போட வேண்டும், வீங்கின பிறகு அது ஏறவே ஏறாது.

கடையில் உட்கார விடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 2021-இல் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தயங்காமல் கேளுங்கள். நின்றே ஆக வேண்டிய நேரத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசைதான்.

டாக்டரிடம் போகும்போது அந்த ஆயின்மென்ட் டியூபையும் கையோடு எடுத்துப் போங்கள்.