நாற்றம் பல்லிலா, உதட்டிலா?

கேள்வி: எங்கள் வீட்டு காக்கர் ஸ்பானியலுக்கு ஆறு வயது. சில மாதங்களாகப் பக்கத்தில் வந்தாலே வாய் நாறுகிறது. கடைவாய்ப் பற்களில் பழுப்பாக ஏதோ படிந்திருக்கிறது. ராத்திரி முழுக்க முன்பாதங்களை நக்குகிறான், வாலடியைக் கடித்துக்கொள்கிறான். இதற்கு முன் இப்படி அரிப்பு வந்ததில்லை. வாரம் இரண்டு முறை எங்கள் ஷாம்பூ போட்டே குளிப்பாட்டுகிறோம், குறையவில்லை. பல்லை மயக்க மருந்து கொடுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. மயக்கம் இல்லாமலே சுரண்டி எடுத்துவிடலாம் என்கிறார் ஒருவர். பிரஷ் வாங்கி நாமே தேய்த்தால் போதாதா?
— ஒரு வாசகி

பதில்: பிரஷ் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். தேய்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை, இப்போது வேண்டாம் என்கிறேன். பழுப்பாகப் படிந்திருப்பது காரை. பிரஷ்ஷுக்கு அது அசையாது. அதன் ஓரத்தில் ஈறு வீங்கி, தொட்டாலே வலிக்கும் நிலையில் இருக்கலாம். அப்படிப்பட்ட வாயில் பிரஷ்ஷை விட்டால் காரை போகாது. பிரஷ் என்றாலே வலி என்பது மட்டும் அவனுக்கு நன்றாக மனதில் பதிந்துவிடும். அப்புறம் ஆயுசுக்கும் வாயைத் தொட விடமாட்டான்.

காக்கர் ஸ்பானியல் என்று எழுதியிருப்பதால் ஒன்று கேட்கிறேன். நாற்றம் பல்லிலிருந்துதான் வருகிறதா? இந்த இனத்துக்குக் கீழுதட்டின் பக்கவாட்டில், கோரைப்பல்லை ஒட்டி, ஆழமான மடிப்பு இருக்கும். எச்சிலும் உணவுத் துணுக்கும் அதில் தங்கி, எப்போதும் ஈரமாகவே இருப்பதால் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் பெருகிவிடும். மடிப்பை விரலால் மெல்ல விரித்துப் பாருங்கள். சிவந்து பிசுபிசுவென்று இருந்தால், ஈரப் பஞ்சால் ஒரு தடவை துடைத்து அந்தப் பஞ்சை முகருங்கள். நீங்கள் சொல்லும் அதே நாற்றம் என்றால், பாதிப் பிரச்சினை பல்லில் இல்லை, தோலில் இருக்கிறது. அங்கே முடியைக் குட்டையாக வெட்டி, சாப்பிட்டு முடித்ததும் துடைத்து உலர வைத்தாலே நல்ல மாற்றம் தெரியும். புண்ணாகியிருந்தால் மருந்து வேண்டும். பல்லும் உதடும் சேர்ந்தே நாறுவதும் உண்டு; அதனால் மடிப்பைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று பல்லை விட்டுவிடாதீர்கள்.

இப்போது மயக்க மருந்துக்கு வருகிறேன். பல்லின் மேல் தினமும் ஒரு மெல்லிய படலம் படிகிறது. துடைக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள தாதுக்கள் சேர்ந்து, இரண்டு மூன்று நாட்களிலேயே அது இறுகத் தொடங்கும். காரைக்கு நாம் ஏன் பயப்பட வேண்டும் என்றால், கண்ணுக்குத் தெரியும் பகுதிக்காக அல்ல. ஈறுக்குக் கீழே இறங்கும் கிருமிதான் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பை அரிக்கிறது. மயக்கம் கொடுக்காமல் சுரண்டுகிறவரால் ஈறுக்கு மேலே மட்டும்தான் போக முடியும். விழித்திருக்கிற எந்த நாயும் ஈறுக்கடியில் கருவியை விட அனுமதிக்காது. பல் பளபளவென்று ஆகிவிடும், நோய் உள்ளேயே இருக்கும். என்னைக் கேட்டால், ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட அது மோசம். சுத்தமாகிவிட்டது என்ற நிம்மதியில் இன்னும் இரண்டு வருடம் கவனிக்காமல் விட்டுவிடுவீர்கள்.

உங்கள் பயம் நியாயமானதுதான். அந்தப் பயத்தைக் கேள்விகளாக்கி மருத்துவரிடம் கேளுங்கள். முன்கூட்டியே ரத்தப் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் செய்வார்களா? மயக்கத்தில் இருக்கும்போது சுவாசக் குழாய் பொருத்துவார்களா? சுவாசத்தையும் இதயத்துடிப்பையும் கவனிக்கவென்று தனியாக ஒருவர் இருப்பாரா? பல்லுக்கு எக்ஸ்ரே எடுப்பார்களா? வேர் எப்படி இருக்கிறது என்பது எக்ஸ்ரேயில்தான் தெரியும். இதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொல்லும் இடத்தில் தைரியமாக ஒப்படைக்கலாம்.

கடிப்பதற்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எலும்பு, மான்கொம்பு மாதிரி கெட்டியானவை இருந்தால் நிறுத்திவிடுங்கள். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் பதிய வேண்டும். பதியாதது பல்லை உடைக்கும். பெரும்பாலும் உடைவது மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல். அதன் வேரில் சீழ் வைத்தால் கண்ணுக்குக் கீழே வீக்கம் வரும், கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வோம்.

அரிப்புக்கும் பல்லுக்கும் சம்பந்தம் உண்டு. வாலடியைக் கடித்துக்கொண்டே இருக்கும் நாயின் முன்பற்கள் தேயும், உதிர்ந்த முடி ஈறுக்குள் சிக்கிப் புண்ணாக்கும். அதனால் அரிப்பை நிறுத்துவது பல்லுக்கும் வைத்தியம்தான்.

முதலில் உங்கள் ஷாம்பூ. நம் தோல் கொஞ்சம் அமிலத்தன்மை கொண்டது, நாயின் தோல் ஏறக்குறைய நடுநிலை. அதன் மேல்தோலும் நம்முடையதைவிட மெல்லியது. நமக்கான ஷாம்பூவை வாரம் இரண்டு முறை போட்டால் எண்ணெய்ப்பசை போய், தோல் வறண்டு, அரிப்பு கூடத்தான் செய்யும். இன்றோடு நிறுத்துங்கள். மருத்துவர் மருந்து ஷாம்பூ கொடுத்தால், நுரை பத்து நிமிடம் தோலில் ஊறிய பிறகு அலசுங்கள். ஊற விடாமல் கழுவினால் மருந்து வேலை செய்ய நேரமே இல்லை.

அடுத்தது, எங்கே அரிக்கிறது என்பது. வாலடி என்றால் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி மேல்தான். அதன் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு ஓரிரு கடியே போதும். பூச்சியே கண்ணில் படாமல் போகலாம். சீப்பால் வாரி, உதிரும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் போடுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது செரித்த ரத்தம், பூச்சியின் கழிவு. நாய்க்கு மருந்து போட்டால் மட்டும் தீராது. முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் படுக்கையிலும் தரைவிரிப்பிலும்தான் இருக்கின்றன. வீட்டில் பூனையும் இருந்தால் அதற்கும் மருந்து தேவை, ஆனால் நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனை செத்தே போகலாம்.

பாதம் நக்குவது ஒவ்வாமையின் வழக்கமான அடையாளம். தூசி, மகரந்தம் போன்றவற்றால் வரும் ஒவ்வாமை பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தலைகாட்டும். உங்களவனுக்கு ஆறு வயதில்தான் முதல்முறை என்பதால், பூச்சி, சொறி, உணவு, தைராய்டு என்று மற்றவற்றையும் மருத்துவர் பார்ப்பார். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய, இதுவரை தின்னாத ஒரு புரதத்தை மட்டும் சுமார் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். பலர் கோட்டை விடும் இடம் இது: கோழி வாசனையுள்ள நாய்ப் பற்பசையும், பல்லுக்கென்று விற்கும் கடிகுச்சிகளும் உணவுக் கணக்கில்தான் சேரும். ஒரு வேளை கொடுத்தாலும் சோதனை கெட்டுவிடும். அந்த வாரங்களில் வெறும் தண்ணீரில் நனைத்த பிரஷ் போதும்.

ஆம், பிரஷ். பல் சுத்தம் செய்து, ஈறு ஆறிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு தொடங்குங்கள். சில நாள் விரலால் உதட்டைத் தூக்கிவிட்டுப் பாராட்டுங்கள், அவ்வளவுதான். அப்புறம் விரலில் துணி சுற்றித் தடவுங்கள், பிறகு மென்மையான பிரஷ். பற்களின் வெளிப்பக்கம் மட்டும் தேய்த்தால் போதும். உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். தினமும் செய்யுங்கள். நம் பற்பசை வேண்டவே வேண்டாம். நாய் துப்பாது, விழுங்கும். சிலவற்றில் உள்ள சைலிடால் என்ற இனிப்பூட்டி நாயின் ரத்தச் சர்க்கரையைத் திடீரென இறக்கிவிடும், ஈரலையும் கெடுக்கும்.

மருத்துவரிடம் நேரம் வாங்கும்போதே பல், தோல் இரண்டையும் சொல்லிவிடுங்கள். தோலில் கிருமித் தொற்று இருந்தால் அதை ஆற்றிவிட்டுப் பல்லுக்கு வரலாம் என்று அவர் முடிவு செய்யக்கூடும். போவதற்கு முன் இரண்டு மூன்று நாள் குளிப்பாட்டாதீர்கள், உதட்டு மடிப்பையும் அன்று காலை துடைக்காமல் விடுங்கள். அவர் பார்க்க வேண்டிய தடயங்கள் அங்கேதான் இருக்கின்றன.