அம்மா வெளியே போனால் என் குழந்தை அழுவதே இல்லை. பாசம் குறைவு என்று அர்த்தமா? மேரி ஐன்ஸ்வொர்த்தின் ஆய்வு என்ன சொல்கிறது?

அழுகையை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. உளவியலாளரான ஐன்ஸ்வொர்த் முக்கியமாகக் கவனித்தது, அம்மா திரும்பி வந்ததும் குழந்தை என்ன செய்கிறது என்பதைத்தான்.

தாய்-சேய் பிணைப்பை ஆராய்ந்த ஜான் பவுல்பியுடன் லண்டனில் பணியாற்றிய அவர் 1954-ல் உகாண்டா போனார். கம்பாலாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் 26 குடும்பங்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே போய்ப் பார்த்தார். பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் இன்னும் 26 குடும்பங்கள். குழந்தைக்கு 3 வாரம் ஆனதிலிருந்து 54 வாரம் வரை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, போனால் நான்கு மணி நேரம். ஒரு வீட்டுக்குச் சுமார் 72 மணி நேரம் வருகிறது. பலரும் இதை விட்டுவிட்டு, அவர் ஓர் அறையில் நடத்திய 20 நிமிடச் சோதனையை மட்டும் பேசுவார்கள். இந்த 72 மணி நேரம் இல்லாவிட்டால் அந்தச் சோதனைக்குப் பொருளே கிடையாது.

உகாண்டாக் குழந்தைகள் அம்மா நகர்ந்தாலே பதறின. பால்டிமோர் குழந்தைகளுக்கோ அம்மா அறைக்கு அறை போய்வருவது பழகிய விஷயம். அதனால்தான் பழகாத ஓர் அறை தேவைப்பட்டது. இதுதான் அந்த 20 நிமிடச் சோதனை, 'ஸ்ட்ரேஞ்ச் சிச்சுவேஷன்' (பழகாத சூழல்).

மொத்தம் எட்டுக் கட்டங்கள். முதல் கட்டம் அரை நிமிடம்தான், மற்றவை மும்மூன்று நிமிடம். அம்மாவும் குழந்தையும் பொம்மைகளோடு இருக்கும்போது அறிமுகமில்லாத பெண் ஒருவர் வருவார். முதல் நிமிடம் பேசமாட்டார், இரண்டாவதில் அம்மாவிடம் பேசுவார், மூன்றாவதில் குழந்தையை நெருங்குவார். அம்மா வெளியே போய்த் திரும்புவார். இரண்டாவது முறை போகும்போது குழந்தை தனியாக இருக்கும். முதலில் அந்தப் பெண் வருவார், பிறகு அம்மா. குழந்தை ரொம்ப அழுதால் அந்தக் கட்டத்தை உடனே நிறுத்திவிட வேண்டும்.

மதிப்பெண் முக்கியமாக அந்த இரண்டு திரும்பல்களுக்குத்தான். நெருங்கி வருகிறதா, தூக்கியதும் ஒட்டிக்கொள்கிறதா, முகத்தைத் திருப்புகிறதா, தூக்கச் சொல்லிவிட்டு உதைத்துத் திமிறுகிறதா. நான்குக்கும் 7 வரை மதிப்பெண். அழுத குழந்தை அம்மா தூக்கியதும் அடங்கி மறுபடி விளையாடப் போனால் பாதுகாப்பான பிணைப்பு. அழாத குழந்தையும், ஒரு சிரிப்போடு அம்மாவை வரவேற்றால், அதே வகைதான்.

ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. அம்மா வந்தும் பார்க்காமல் பொம்மையையே உருட்டும் குழந்தையைச் 'சமர்த்து' என்போம். ஆய்வில் இது 'தவிர்க்கும்' வகை. ஸ்ரூஃப், வாட்டர்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1977-ல் இதயத் துடிப்பைப் பதிவு செய்து காட்டினார்கள்: வெளியே அமைதி, உள்ளே படபடப்பு.

சோதனை பிசகும் இடங்களும் உண்டு. ஏறத்தாழ 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கே இது பொருந்தும். இரண்டே வாரத்தில் திரும்பச் செய்தால் முந்தைய பிரிவின் பயம் கலந்து முடிவு மாறும். ஜப்பானில் தனியாக விடப்பட்டே பழகாத குழந்தைகள் அளவுக்கு மீறிப் பதறியதால், தூக்கினாலும் அடங்காமல் திமிறும் 'எதிர்க்கும்' வகையில் நிறையப் பேர் விழுந்தார்கள்.

பாதுகாப்பான, தவிர்க்கும், எதிர்க்கும் ஆகிய மூன்றுக்கு அடுத்த நான்காவது வகையான 'ஒழுங்கற்ற பிணைப்பு' (அம்மாவை நெருங்குவதா விலகுவதா என்று குழந்தை தடுமாறுவது) ஐன்ஸ்வொர்த்துடையது அல்ல. அவர் மாணவி மேரி மெயினும் ஜூடித் சாலமனும் 1986-ல் சேர்த்தது. குழந்தைகள் நலப் பணியில் அதிகம் தவறாகப் பயன்படுவதும் இதுவே. இதை வைத்து ஒரு குறிப்பிட்ட குழந்தை கொடுமைக்கு ஆளானது என்று முடிவு கட்டக்கூடாது என்று பல ஆய்வாளர்கள் 2017-ல் கூட்டாக எழுதினார்கள். வீட்டில் நீங்களாகக் கதவைச் சாத்திப் பார்த்தும் வகை பிரிக்க முடியாது. வீடு பழகிய இடம், தவிர மதிப்பெண் போடுவதற்கே தனிப் பயிற்சி வேண்டும்.